கண்ணுக்கு முக்கால், காலுக்கு முழுசு

போன இதழில், உங்கள் ஊரில் அடிக்கடி காதில் விழும் பழமொழி ஒன்றை எழுதி அனுப்புங்கள், அதற்குள் இருக்கும் இயற்பியலைப் பேசலாம் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாதி நம்ம கடற்கரையிலிருந்துதான், தொண்டியில் ஆரம்பித்து சாயல்குடி வரைக்கும். அதிலும் ஒரே பழமொழியைப் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை அதற்குத்தான் இடம் அதிகம்.

கேள்வி: சார், என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். லீவு நாளில் கூட்டாளிகளோடு குளிக்கக் கிளம்பும்போது 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று சொன்னால், 'தண்ணி தெளிவாத்தானே இருக்கு, அடி மணல் வரைக்கும் தெரியுதே, தெரியாம எங்கே விடுறேன்' என்கிறான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவனுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். (வாசகி, பாம்பன்)

பதில்: அவன் கேட்டது சரியான கேள்வி அம்மா, திட்டாதீர்கள். கலங்கின தண்ணீரில் யாரும் யோசித்துத்தான் கால் வைப்பார்கள். எனக்குப் பயமே அவன் சொல்கிற அந்தத் தெளிந்த தண்ணீரை நினைத்துத்தான். அடி மணல் தெரிகிறது, உண்மைதான். ஆனால் தெரிகிற இடத்தில் அது இல்லை.

முதலில் அடுப்படியில் வைத்து ஒன்றைச் செய்து காட்டுங்கள். ஒரு குழிவான சட்டியின் அடியில் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றைத் துளி மாவு வைத்து ஒட்டிவிடுங்கள். அவனை அதைப் பார்த்தபடியே பின்னால் நகரச் சொல்லுங்கள். சட்டியின் விளிம்பு காசை மறைக்கிற இடம் வந்ததும் நிற்கட்டும், தலையை அசைக்கக் கூடாது. இப்போது நீங்கள் சட்டிக்குள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் காசு விளிம்புக்கு மேலே எழும்பி அவன் கண்ணுக்குத் தெரியும். எடுத்துப் பார்த்தால் காசு ஒட்டின இடத்திலேயே இருக்கும். இது புதிதாகக் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை, கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டிரியாவில் இருந்த தாலமி எழுதி வைத்தது. அதற்கான கணக்கை 984-இல் பாக்தாத்தில் இபன் சால் எழுதினார், 1621-இல் ஹாலந்துக்காரர் ஸ்நெல் மறுபடி கண்டுபிடித்தார். உங்கள் மகன் பாடப்புத்தகத்தில் ஸ்நெல் விதி என்று படிப்பது அதைத்தான்.

காரணம் ஒளியின் வேகம். காற்றில் ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது, தண்ணீருக்குள் சுமார் 2¼ லட்சம்தான் போக முடிகிறது. மெதுவான இடத்திலிருந்து வேகமான இடத்துக்குச் சாய்வாக வெளியே வரும்போது கதிர் மடங்குகிறது. கண்ணுக்கு அந்த மடக்கு தெரியாது. வந்த கதிர் நேர்கோட்டில்தான் வந்தது என்று எடுத்துக்கொண்டு, அதே கோட்டில் பின்னால் போய்த் தரையைத் தேடும். அதனால் தரை மேலே எழும்பித் தெரிகிறது. எவ்வளவு மேலே என்று பார்த்தால், 2¼ என்பது 3-இல் முக்கால் பங்கு இல்லையா, நேர் மேலிருந்து குனிந்து பார்க்கும்போது ஆழமும் அதே முக்கால் பங்காகத் தெரியும். நாலடித் தண்ணீர் மூன்றடி. எட்டடித் தண்ணீர் ஆறடி.

இதோடு முடிந்திருந்தால் பெரிய ஆபத்து இல்லை. எல்லாவற்றையும் மூணில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் நாம் தண்ணீரில் நடக்கும்போது காலடியைப் பார்ப்பதில்லை, அடுத்துக் கால் வைக்கப்போகும் இடத்தைத்தான் சாய்வாகப் பார்க்கிறோம். சாய்வு கூடக் கூட கதிர் அதிகம் மடங்கும், தரை இன்னும் மேலே ஏறித் தெரியும். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஐந்தடி உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒருவன் நாலடித் தண்ணீரில் நிற்கிறான், தரை எல்லாப் பக்கமும் ஒரே மட்டம் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குக் காலடியில் மூன்றடி ஆழம் தெரியும். ஆறடி தள்ளிப் பார்த்தால் இரண்டடிகூட இல்லாத மாதிரி தெரியும். நிற்கிற இடம் பள்ளமாகவும் போகிற இடம் மேடாகவும் தெரிகிறது என்றால் என்ன தோன்றும்? இன்னும் ரெண்டு எட்டு வைத்தால் மேடு வந்துவிடும் என்றுதான் தோன்றும். அங்கே போனதும் அது பள்ளமாகிவிடும், அதற்கு அடுத்த இடம் மேடாகத் தெரியும். தரை உண்மையில் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தாலும் கண் அதை மட்டமான தரையாகவே காட்டிக்கொண்டு போகும். பழமொழி 'காலை விடாதே' என்று அடுத்த எட்டைப் பற்றிப் பேசுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். கண் அதிகம் தப்பு செய்கிற இடம் அந்த அடுத்த எட்டுதான்.

நான் இதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே ஒரு தடவை பட்டுவிட்டேன். ஒன்பது வயது இருக்கும். எங்கள் ஊர் ஊருணியில் மழை நின்று ஒரு மாதம் ஆகி, மண்ணெல்லாம் படிந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. படித்துறையில் ஒவ்வொரு படியாகத் தெரிகிறது, நாலாவது படியில் ஒரு நத்தை ஊர்வதுகூடத் தெரிகிறது. இடுப்பளவுதான் வரும் என்று நினைத்துக் காலை வைத்தேன், தண்ணீர் கழுத்தைத் தாண்டியது. மூச்சு முட்டி வழுக்கிப் போனவனை, பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த அப்பத்தா தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். அடிக்கவில்லை. கரையில் கிடந்த ஒரு காய்ந்த பனைமட்டையை எடுத்து, அதே படியில் நட்டு, வெளியே இழுத்து, ஈரம் பட்ட இடத்தில் விரலை வைத்தபடி என் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். அவருடைய விரல் என் தாடைக்கு நேராக இருந்தது. அப்புறம் அந்த மட்டையை மறுபடி தண்ணீரில் வைத்தார். தண்ணீர் மட்டத்தில் அது ஒடிந்த மாதிரி தெரிந்தது. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் இத்தனை வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒளிவிலகல் பாடம் எடுக்கிறேன், அதைவிடச் சுருக்கமாக எனக்கு எடுக்கத் தெரியவில்லை.

பாக் விரிகுடாப் பக்கம் வத்தை, அதாவது சின்னப் படகு, தள்ளுகிற யாரையாவது உங்கள் மகன் கவனித்துப் பார்க்கட்டும். கரைக்குக் கிட்டத்தில் கம்பை ஊன்றித்தான் தள்ளுவார்கள். ஒவ்வொரு ஊன்றலும் ஓர் அளவு. கம்பில் எது வரைக்கும் நனைந்தது என்று பார்த்தே மேடு பள்ளம் சொல்லிவிடுவார்கள். கம்பு எட்டாத இடத்தில் கயிற்றில் கனம் கட்டி இறக்கி, பாகக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், சுமார் ஆறடி. வாழ்நாள் முழுக்க அந்தத் தண்ணீரைப் பார்த்த கண்ணே கம்பைக் கேட்டுத்தான் ஆழம் சொல்கிறது.

இன்னொன்று. தேவிபட்டினத்தில் நவபாஷாணத்துக்குப் பக்கத்தில் கடல் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அலை கிடையாது, தரையும் மெதுவாகத்தான் இறங்கும். அங்கே கண் ஏமாந்தாலும் உடனே பெரிய கேடு வராது. அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு தனுஷ்கோடியில் மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்கக் கூடாது. அந்தப் பக்கத்தை ஆண் கடல், இந்தப் பக்கத்தைப் பெண் கடல் என்று நம்மாட்கள் பிரித்து வைத்திருப்பது சும்மா இல்லை. கண்மாய்களும் அப்படித்தான். மண் எடுத்த குழிகள் செங்குத்தாக இருக்கும், தண்ணீர் நிறைந்தால் மேலே எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும், முழங்கால் தண்ணீரிலிருந்து ஒரே எட்டில் ஆளை முழுங்கிவிடும். வற்றிக் கிடக்கும்போது பார்த்து வைத்துக்கொள்ளாத கண்மாயில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

கேள்வி: நான் கடலில் பாசி எடுக்கப் போகிறவள். கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கினால் பாசி பெரிசாக, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிற மாதிரி தெரிகிறது. கையை நீட்டினால் எட்டுவதில்லை. முப்பது வருஷமாகப் போகிறேன், இன்னமும் அப்படித்தான். தண்ணீருக்குள்ளேயே இருக்கும்போதும் கண் ஏமாறுமா? (வாசகி, சின்னப்பாலம்)

பதில்: அக்கா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். முதல் கேள்விக்கு நான் எழுதினதை நீங்கள் தினமும் முகத்தில் கட்டிக்கொண்டு முங்குகிறீர்கள்.

உங்கள் உடம்பு தண்ணீருக்குள் இருந்தாலும் கண் தண்ணீருக்குள் இல்லை. கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு கையளவு காற்று அடைபட்டிருக்கிறது. பாசியிலிருந்து வரும் ஒளி தண்ணீரைத் தாண்டி அந்தக் காற்றுக்குள் நுழையும்போது மடங்குகிறது. அதே முக்கால் கணக்கு. ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் மரிக்கொழுந்துப் பாசி முக்கால் மீட்டரில் இருப்பதாகத் தெரியும், கிட்டே இருப்பதாகத் தெரிவதால் மூணில் ஒரு பங்கு பெரிசாகவும் தெரியும். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறை இடுக்கில் கை விடும்போது அந்தக் கால் மீட்டர் ரொம்பப் பெரிய தூரம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கண்ணாடியைக் கழற்றினால் இந்த ஏமாற்றம் போய்விடும், ஆனால் எல்லாம் மங்கிப்போகும். நம் கண்ணின் முன்பக்கச் சவ்வு காற்றிலிருந்து வரும் ஒளியை மடக்கிக் குவிப்பதற்காக அமைந்தது. தண்ணீரும் அந்தச் சவ்வும் ஒளிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி, அதனால் தண்ணீர் நேராகத் தொட்டால் அங்கே மடக்கம் ஏறக்குறைய நடப்பதே இல்லை. கண்ணாடியோடே முங்குங்கள். முப்பது வருஷத்தில் உங்கள் கை அந்தக் கால் மீட்டரைத் தானாகவே சேர்த்து நீட்டப் பழகியிருக்கும். புதிதாகச் சேருகிற பெண்களுக்கு அதை மட்டும் முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: கழுத்தளவுத் தண்ணீரில் நின்றால் உடம்பு பஞ்சு மாதிரி லேசாக இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் நடப்பதைவிட அது சுகம். அப்படியிருக்க, இடுப்புக்கு மேல் போகாதே என்று பெரியவர்கள் ஏன் சொல்கிறார்கள்? (வாசகர், தொண்டி)

பதில்: அந்த லேசுதான் தம்பி பிரச்சினை. நாம் தரையில் நிற்பது உடம்புக் கனத்தால்தான். கனம் தரையை அழுத்துகிறது, அழுத்தம் இருந்தால்தான் உராய்வு, உராய்வு இருந்தால்தான் பிடிமானம். ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, உடம்பு எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அவ்வளவு கனத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். 60 கிலோ ஆள் இடுப்பளவில் நின்றால் காலில் இறங்குவது ஏறக்குறைய பாதி, 30 கிலோ. கழுத்தளவு என்றால் ஆறு ஏழு கிலோதான். ஆறு கிலோ கனம் உள்ள ஒரு குழந்தையை மணலில் நிற்க வைத்து ஒரு விரலால் தள்ளினால் என்ன ஆகும்? கழுத்தளவில் உங்கள் பிடிமானம் அவ்வளவுதான்.

சும்மா கிடக்கிற தண்ணீரில் இது சுகமாகத்தான் இருக்கும். நீரோட்டம் வந்தால் கதை வேறு. ஓடும் தண்ணீர் தள்ளுகிற விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும், வேகம் ரெண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு. ஆழம் கூடினால் தண்ணீர் மோதுகிற உடம்பின் பரப்பும் கூடும். நொடிக்கு ஒரு மீட்டர் ஓட்டம், அதாவது நாம் நிதானமாக நடக்கிற வேகம், இடுப்பளவில் நிற்கிற ஒருவரைச் சுமார் 13, 14 கிலோ விசையோடு தள்ளும். மணலில் பிடிமானம் கனத்தில் பாதி என்று வைத்தால், 30 கிலோவுக்கு 15. மயிரிழையில் நிற்கிறீர்கள். ஓட்டம் கொஞ்சம் கூடினாலோ நீங்கள் இன்னும் ஒரு சாண் இறங்கினாலோ தள்ளுவது கூடும், பிடிமானம் குறையும், ரெண்டும் ஒரே நேரத்தில்.

தண்ணீர் காற்றைப்போல 800 மடங்கு கனம். அதனால் நடக்கிற வேகத்தில் ஓடும் தண்ணீர், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகப் புயல்காற்று தள்ளுகிற அளவுக்குத் தள்ளும். நம்ம கரையில் புயலைப் பார்த்தவர்களுக்கு அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அந்தக் காற்றில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அதே தள்ளு தண்ணீரில் வந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை, மேலே நாலு சுழி தெரியும், அவ்வளவுதான். பாம்பன் சாலைப் பாலத்தின் மேலே நின்று ஒரு தடவை கீழே பாருங்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தண்ணீர் மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் விரிகுடாவுக்கு ஓடும், வாடை பிறந்தால் அப்படியே திரும்பி ஓடும். ஆழமும் ஓட்டமும் போன மாதம் பார்த்த மாதிரியே இந்த மாதமும் இருக்கும் என்று நம்பக் கூடாது.

ஓட்டத்தில் மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், நாலு மடங்குக் கணக்கு அங்கேயும் நிற்கும், களைத்துவிடுவீர்கள். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகப் பாருங்கள். உடம்பைத் தரையிலிருந்து பிரித்த அதே லேசு, மிதக்கும்போது உங்களுக்கு உதவி.

கேள்வி: உம்மா வீட்டு அம்மியை முற்றத்திலிருந்து உள்ளே கொண்டு போக வேண்டியிருந்தது. நான் எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. வாப்பா வந்து ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்து, சுத்தியலால் தட்டித் தட்டியே நகர்த்திவிட்டார். அவருக்கு என்னைவிட வயது முப்பது கூட. 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்பது நிஜமாகவே அம்மியைப் பற்றித்தானா? (வாசகி, கீழக்கரை)

பதில்: நிஜமாகவே அம்மியைப் பற்றித்தான். பொறுமை, விடாமுயற்சி என்று நாம் பிற்பாடு ஏற்றிச் சொல்கிறோம், முதலில் யாரோ ஒருவர் அம்மியைத் தட்டி நகர்த்திப் பார்த்திருக்கிறார்.

அம்மி 50 கிலோ என்று வைப்போம். தரைக்கும் அதற்கும் இருக்கும் உராய்வை உடைக்கச் சுமார் 30 கிலோ விசை வேண்டும். நீங்கள் குந்தி உட்கார்ந்து 25 கிலோ வரைக்கும் தள்ளியிருப்பீர்கள். 25 கிலோவில் ஒரு மணி நேரம் தள்ளினாலும் அது நகராது. ஓய்வு நிலை உராய்வுக்கு ஒரு குணம் உண்டு, நீங்கள் எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவுக்கு மட்டும் எதிர்த்து நிற்கும், அதன் எல்லையைத் தாண்டினால் மட்டும்தான் விட்டுக்கொடுக்கும். உங்கள் உழைப்பு முழுக்க எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

வாப்பா செய்தது வேறு. ரெண்டு கிலோ சுத்தியல் நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் வந்து, நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்கிறது. அவ்வளவு வேகம் அவ்வளவு குறைந்த நேரத்தில் அடங்க வேண்டுமென்றால் அந்தச் சின்ன நேரத்தில் விசை சுமார் 200 கிலோ அளவுக்கு எகிறும். 30 கிலோ எல்லையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அம்மி நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகம் எடுத்து, உராய்வில் தேய்ந்து, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நகர்ந்து நின்றுவிடும். 25 அடிக்குப் பத்து சென்டிமீட்டர்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த நின்றுவிடுவதுதான். அடிக்கும் அடிக்கும் நடுவில் வாப்பா மூச்சு வாங்கியிருப்பார், வியர்வை துடைத்திருப்பார், அந்த நேரத்தில் அம்மி பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அதுவரைக்கும் நகர விடாமல் பிடித்து வைத்திருந்த அதே உராய்வு, இப்போது நகர்ந்த 4 மில்லிமீட்டரையும் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரப்பரில் இழுத்துக் கட்டின ஒரு பொருளை ஆயிரம் அடி அடித்தாலும் அது பழைய இடத்துக்கே வரும். பழமொழி அம்மியைத் தேர்ந்தெடுத்திருக்கிறதே, அது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். மரக்கட்டையை அண்டக் கொடுத்ததும் சரிதான், இல்லையென்றால் கல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

கரையில் படகு இழுக்கும்போது 'ஏலேலோ ஐலசா' என்று ஒரே மூச்சில் வெட்டி வெட்டி இழுப்பதும் இந்த எல்லையைத் தாண்டத்தான். பத்து பேர் பத்து நேரத்தில் இழுத்தால் ஒருவருடைய இழுப்பும் எல்லையைத் தொடாது, ஒரே நொடியில் இழுத்தால் படகு ஒரு சாண் ஏறும், ஏறின இடத்தில் மணல் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்பதும் உண்மையா? (மாணவர், ஏர்வாடி)

பதில்: பழைய கிணற்றுச் சுவர்க் கல்லைப் போய்த் தடவிப் பார். கயிறு ஓடின இடத்தில் விரல் புதைகிற அளவுக்குக் காடி விழுந்திருக்கும். தேங்காய் நார் கருங்கல்லைவிட எவ்வளவோ மெத்தென்றது, ஆனால் நாரோடு ஒட்டிக்கொண்டு வரும் மணல் கல்லுக்குச் சமமான கடினம். எறும்பு தனியாக என்ன செய்யும் என்று கேட்காதே, அதன் காலடியில் என்ன தூசி கிடக்கிறது, எத்தனை வருஷமாக ஒரே தடத்தில் போகிறது என்று கேள்.

கேள்வி: எங்களுக்கு ஒரு ஏக்கர் மானாவாரி நெல்தான். மெஷின் வைத்தால் கட்டுப்படியாகாது, கையால் அடித்துக் களத்தில் தூற்றுகிறோம். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பார்கள், எங்கள் களத்தில் எந்த நேரத்துக் காற்று நல்லது? பலமாக அடிக்கும்போது தூற்றினால் நெல்லும் சேர்ந்து போகிறதே? (வாசகர், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம்)

பதில்: அண்ணே, காற்று பலமாக அடித்தால் நல்லது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், நீங்கள் பார்த்ததுதான் சரி.

சுளகிலிருந்து நெல்லும் பதரும் ஒரே உயரத்திலிருந்துதான் விழுகின்றன. நெல்மணிக்குக் கனம் உண்டு, ஐந்தடி உயரத்திலிருந்து அரை நொடியில் தரைக்கு வந்துவிடும். பதர் அதே பருமன், உள்ளே ஒன்றுமில்லை. காற்றுத் தடை அதன் கனத்தைச் சீக்கிரமே ஈடுகட்டிவிடும், அதற்கு மேல் வேகம் எடுக்காமல் மிதந்து மிதந்து இறங்கும், ஒரு நொடிக்கு மேல் ஆகும். நொடிக்கு நாலு மீட்டர் காற்று, அதாவது மணிக்குப் பதினாலு பதினைந்து கிலோமீட்டர், இருந்தால் நெல் அரை மீட்டர்தான் தள்ளிப் போகும், பதர் மூன்று மீட்டருக்கு மேல் போய் விழும். நடுவில் நல்ல இடைவெளி. காற்று நொடிக்கு ஒரு மீட்டராகக் குறைந்தால் பதரும் பொலிக்கு, அதாவது நெல் குவியலுக்கு, பக்கத்திலேயே விழுந்து கலந்துபோகும். எட்டு மீட்டராகக் கூடினால், தண்ணீருக்குச் சொன்ன அதே இருமடிக் கணக்கு, நெல்லை நாலு மடங்கு தள்ளும், ரெண்டு மீட்டர் வரைக்கும் நெல் சிதறிப் போகும். தென்னை ஓலை நுனி நிற்காமல் ஆடுகிறது, ஆனால் மட்டை வளையவில்லை என்கிற அளவு காற்று போதும். அதற்கு மேல் அடித்தால் சுளகைத் தாழ்த்திப் பிடியுங்கள், விழுகிற நேரம் குறையும், சிதறலும் குறையும்.

நேரம் என்று கேட்டால், உங்கள் களத்துக்குக் கடல் கிட்டே இருப்பது பெரிய வசதி. வெயில் ஏறினால் மண் சீக்கிரம் சூடாகும், தண்ணீர் ஆகாது. ஒரே எடை எடுத்து ஒரே அளவு சூடு கொடுத்தால், தண்ணீரைவிட மணல் சுமார் ஐந்து மடங்கு அதிகமாகச் சூடேறும். தரைமேல் சூடான காற்று மேலே போக, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்துக் காற்று உள்ளே வரும். காலை பத்து, பதினொரு மணிக்கு ஆரம்பித்து மதியம் ரெண்டு மூணு மணிக்கு நன்றாக நிலைத்து வீசும். ராத்திரி தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் தரையிலிருந்து கடலுக்குக் காற்று திரும்பும். பாய் கட்டிப் போன காலத்தில் விடியுமுன் அந்தக் காற்றில்தான் படகுகள் வெளியே போகும், பகல் காற்றில் கரைக்குத் திரும்பும். ஆனால் அந்த விடியற்காலைக் காற்று பலம் குறைவு, பனியில் பதரும் நனைந்து கனத்துக் கிடக்கும், தூற்ற உதவாது.

தை, மாசியில் வாடையும் இருக்கும், பகலில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும், சில நாள் மதியத்தில் ரொம்பப் பலமாகிவிடும். அதனால் பதினொரு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். முதலில் ஒரு சுளகு மட்டும் தூற்றி, நெல் விழுந்த இடத்துக்கும் பதர் விழுந்த இடத்துக்கும் நடுவில் எத்தனை எட்டு என்று நடந்து பாருங்கள். மூணு எட்டுக்குக் குறையாமல் இருந்தால் தொடரலாம். பொழுது சாயும்போது ரெண்டு காற்றும் மாறுகிற நேரத்தில் ஓலைகூட அசையாமல் நின்றுபோகும், அதற்குள் பொலியை அள்ளிவிடுங்கள்.